மேட்டில் முன்சக்கரம் எழும்புகிறதா? பைக் சஸ்பென்ஷனைச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

பெங்களூரிலிருந்து நந்தி மலை சுமார் 60 கிலோமீட்டர். நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; மலை உச்சி 1,478 மீட்டர். அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதியைக் கடைசிச் சில கிலோமீட்டர் கொண்டை ஊசி வளைவுகளிலேயே ஏறியாக வேண்டும். பின்னால் ஒருவரை உட்கார வைத்து, டாப் பாக்ஸில் சாமானும் நிரப்பி, முதல் கியரில் வளைவை எடுக்கும்போது ஹேண்டில்பார் திடீரென்று லேசாகிவிடும். திருப்பினாலும் வண்டி வெளிப்பக்கமாகவே போகப் பார்க்கும். ஆவலபெட்டா, மாக்களிதுர்கா பக்கத்து மண் தடங்களில் நிலைமை இன்னும் மோசம். சரளை மேட்டில் ஆக்ஸிலேட்டரைத் திருகிய நொடியில் முன்சக்கரம் தரையை விட்டே எழும்பி, வண்டி பக்கவாட்டில் சாயும்.

வேண்டுமென்றே செய்யும் வீலிங் வேறு விஷயம். நான் சொல்வது, ஓட்டுபவர் விரும்பாமலேயே முன்பக்கம் தூக்கிக்கொள்ளும் குறையை. புதிதாக அட்வெஞ்சர் பைக் வாங்கிய பலரும் இதைத் தங்கள் ஓட்டும் திறமைக் குறைவு என்று நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். பல நேரங்களில் அது அமைப்புக் கோளாறுதான். சிவாஜிநகர் பக்கம் தமிழ் பேசும் மெக்கானிக் யாரிடமாவது காட்டுங்கள், வண்டியை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, "பின்னாடி ஒக்காந்துடுது சார், அதான் முன்னாடி தூக்குது" என்பார். இந்த வழிகாட்டியின் சாரமும் அதுதான். முன்பக்கக் குறைக்கான காரணத்தைப் பின்பக்கத்தில் தேட வேண்டும். அதையும் டேப்பால் அளந்த பிறகே ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும்.

ஏன் தூக்குகிறது?

எஞ்சின் பின்சக்கரத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்த மொத்த எடையின் மையமோ தரையிலிருந்து ஏறக்குறைய முக்கால் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே தள்ளினால் மேலே இருப்பது பின்னுக்குச் சாயத்தானே செய்யும்? அந்தச் சாய்வில் முன்சக்கரத்தின் மீதிருந்த பாரம் பின்சக்கரத்துக்கு மாறுகிறது. மொத்தமும் மாறிவிட்டால் முன்சக்கரம் எழும்பும்.

ஒரு உத்தேசக் கணக்குப் போடலாம். ஒருவர் மட்டும் ஓட்டும் பைக்கில் எடை மையம் பின் அச்சிலிருந்து 650 மி.மீ. முன்னாலும், தரையிலிருந்து 700 மி.மீ. உயரத்திலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் முன்சக்கரம் எழும்ப, புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.93 பங்கு வேகமெடுப்பு தேவை. சாதாரணமாக யாரும் அந்த அளவுக்கு முறுக்குவதில்லை. அதே வண்டி 20 டிகிரி மேட்டில் ஏறினால் 0.53 பங்கு போதும். இப்போது பின்னால் ஒருவரையும் சாமானையும் ஏற்றுங்கள். மையம் பின் அச்சிலிருந்து 500 மி.மீ. தூரத்துக்கு வந்து, உயரம் 750 மி.மீ. ஆகிறது. சமதரையில் 0.67 பங்கு, மேட்டில் வெறும் 0.28 பங்கு. 390 முதல் 450 சிசி வரையுள்ள பைக்கின் முதல் கியருக்கு இது சிரமமே இல்லை. கிளட்சைச் சட்டென்று விட்டாலோ, பின்சக்கரம் ஒரு கல்லில் ஏறித் தூக்கி அடித்தாலோ, அதைவிடச் சின்ன வண்டிகளிலும் முன்பக்கம் எழும்பிவிடும்.

சஸ்பென்ஷன் இதில் எங்கே வருகிறது? ஸ்ப்ரிங்கை மாற்றியதால் பாரம் மாறும் விதி மாறிவிடாது. ஆனால் எடை மையம் எங்கே இருக்கிறது, வண்டி எவ்வளவு வேகமாகப் பின்னுக்குச் சாய்கிறது, ஃபோர்க் எந்தக் கோணத்தில் நிற்கிறது, இந்த மூன்றும் சஸ்பென்ஷன் கையில் இருக்கின்றன. பின்பக்கம் அளவுக்கு மீறி உட்கார்ந்தால் மூன்றும் ஒரே நேரத்தில் கெடும்.

பலர் கவனிக்காத நான்காவது விஷயமும் உண்டு. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம், சட்டத்தோடு சேரும் இடத்திலிருந்து சக்கர அச்சை நோக்கிக் கொஞ்சம் கீழே சரிந்திருக்கும்படிதான் வடிவமைத்திருப்பார்கள். அந்தச் சரிவு இருக்கும்வரை, சக்கரத்தின் தள்ளுவிசையும் செயினின் இழுப்பும் பின்பக்கத்தை ஓரளவு மேலே தூக்கிப் பிடிக்கும். பாரத்தில் ஸ்விங்ஆர்ம் படுத்துவிட்டால் அந்தத் தூக்கல் குறைந்துவிடும். ஏற்கனவே உட்கார்ந்த வண்டி, முறுக்க முறுக்க இன்னும் உட்காருவது இதனால்தான்.

பனியில் ஓடும் ஸ்னோமொபைலிலும் இதே பிரச்சினை உண்டு. குல்மார்க்கில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் அந்த வண்டியை நீங்கள் பார்த்திருக்கலாம். முன்னால் இரண்டு பனிச்சறுக்குப் பட்டைகள், பின்னால் ரப்பர் டிராக். முறுக்கினால் முன் பட்டைகள் எழும்பி ஸ்டீயரிங் வேலை செய்யாமல் போகும். அங்கே அதைக் குறைக்க, டிராக்குக்குள் இருக்கும் முன் கை அதிகம் கீழே இறங்காதபடி பிடித்திருக்கும் வாரைச் சுருக்குவார்கள். பின் ஸ்ப்ரிங்கைக் கெட்டியாக்குவார்கள். முன்னால் உள்ள பட்டைகள் தரையில் பதிய, கை வைப்பதெல்லாம் பின்னால் இருக்கும் டிராக்கில்தான்.

ஸ்பேனரை எடுக்கும் முன்

கையேட்டில் உள்ளபடி டயர் காற்றை வையுங்கள், வண்டி குளிர்ந்திருக்கும்போது. செயின் தளர்ச்சியைப் பாருங்கள். தொங்கும் செயின் ஆக்ஸிலேட்டர் திருகும்போது ஒரு வெட்டு வெட்டும், அந்த வெட்டே முன்பக்கத்தைக் கிளப்பும். ஸ்ப்ராக்கெட் மாற்றியிருக்கிறீர்களா என்று யோசியுங்கள். மேடு ஏற இழுவை வேண்டுமென்று முன்னால் ஒரு பல் குறைத்தோ பின்னால் சில பல் கூட்டியோ போட்டிருந்தால், முன்சக்கரம் எழும்புவது நீங்களே கேட்டு வாங்கியது. கம்பெனி அளவுக்குத் திரும்புவதே முதல் வேலை. ஷாக் அப்சார்பரிலோ ஃபோர்க்கிலோ எண்ணெய் கசிந்திருந்தால் எந்தத் திருகலும் பயன்படாது. சீல் மாற்றிவிட்டு வாருங்கள்.

அப்புறம் சாமான். டாப் பாக்ஸ் பின் அச்சுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் அது சீசா பலகை மாதிரி வேலை செய்கிறது. வீல்பேஸ் 1,450 மி.மீ. உள்ள பைக்கில், அச்சுக்கு 300 மி.மீ. பின்னால் 10 கிலோ வைத்தால் பின்சக்கரத்தில் 12 கிலோ ஏறும், முன்சக்கரத்திலிருந்து 2 கிலோ குறையும். தண்ணீர் பாட்டில், டூல்ஸ், பூட்டு போன்ற கனமானவற்றை டேங்க் பேக்குக்கோ, சீட்டின் இருபக்கமும் தாழத் தொங்கும் பைகளின் முன்பகுதிக்கோ மாற்றுங்கள். டாப் பாக்ஸில் ரெயின்கோட், துணி மட்டும் இருக்கட்டும். செலவே இல்லாத இந்த மாற்றத்தைப் பெரும்பாலானோர் கடைசியில்தான் முயற்சி செய்கிறார்கள் என்பது எனக்கு எப்போதுமே ஆச்சரியம்.

முதல் படி: ஸேக் அளப்பது

வண்டி தன் எடையிலும் உங்கள் எடையிலும் எவ்வளவு கீழே உட்காருகிறது என்பதைத்தான் ஸேக் என்பார்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

தேவையானவை: இரும்பு டேப், மாஸ்கிங் டேப், பேனா, நோட்டுப் புத்தகம், உதவிக்கு இரண்டு பேர். பெட்ரோல் அரை டேங்க் இருக்கட்டும். 15 லிட்டர் பெட்ரோல் 11 கிலோவுக்கு மேல் வரும். அந்த எடை டேங்கில், அதாவது முன்பக்கமாக உட்காருவதால், நிரம்பிய டேங்கில் அளந்தால் ஒரு கதை, காலி டேங்கில் இன்னொரு கதை.

பின் அச்சு நட்டுக்கு நேர் மேலே, பின்சீட்டுக்குக் கீழ் பாடி பேனலில் மாஸ்கிங் டேப் துண்டு ஒட்டி அதில் ஒரு கோடு போடுங்கள். நட்டின் நடுவிலிருந்து அந்தக் கோடு வரைதான் எல்லா அளவும். கோடு சாய்வாக அமைந்தால் அளவு தப்பும்.

முதல் அளவு, பின்சக்கரம் காற்றில் தொங்கும்போது. ஹிமாலயன் போல சென்டர் ஸ்டாண்ட் உள்ள வண்டியென்றால் சுலபம். எக்ஸ்பல்ஸ் போல சைடு ஸ்டாண்ட் மட்டும் உள்ள வண்டியில், ஒருவர் ஹேண்டில்பாரையும் முன் பிரேக்கையும் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் வண்டியைச் சைடு ஸ்டாண்ட் பக்கமாகச் சாய்த்துப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து கிளப்ப வேண்டும். ஸ்விங்ஆர்மைத் தாங்கும் பேடாக் ஸ்டாண்டில் நிறுத்தி இந்த அளவை எடுக்கக் கூடாது. அதில் சக்கரம் மேலே இருந்தாலும் வண்டியின் பாரம் ஷாக்கின் மீதேதான் இருக்கும்.

இரண்டாவது அளவு, வண்டி தன் காலில் நிமிர்ந்து நிற்கும்போது, யாரும் ஏறாமல். பின்சீட்டை ஒருமுறை அமுக்கி விட்டுவிட்டு, தானாக எழும்பி நின்ற பிறகு அளங்கள்.

மூன்றாவது அளவு, ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ எல்லாம் போட்டு நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, இரண்டு காலும் ஃபுட்பெக்கில் இருக்க. ஒருவர் முன்னால் பிடித்துக்கொள்ள, மற்றவர் அளக்கட்டும். பின்சீட் ஆளோடும் சாமானோடும்தான் நீங்கள் அதிகம் போவீர்கள் என்றால் அவர்களையும் ஏற்றி நான்காவது அளவும் எடுங்கள்.

முதல் அளவிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் வருவது உங்கள் ஸேக். மொத்தப் பயணத்தில், அதாவது சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய மொத்தத் தூரத்தில், அது 30 சதவீதம் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருப்பது மண் தடத்துக்கு நல்லது. தார் ரோட்டுக்கு 25 முதல் 30 சதவீதம். 411 சிசி ஹிமாலயனின் பின்சக்கரப் பயணம் 180 மி.மீ. என்பதால் மண் தடத்துக்கு 54 முதல் 60 மி.மீ. சரி. எக்ஸ்பல்ஸ் 200-ல் 170 மி.மீ. என்பதால் 51 முதல் 57 மி.மீ. உங்கள் அளவு 75, 80 என்று வந்தால், முன்சக்கரம் ஏன் எழும்புகிறது என்பதற்குப் பதில் டேப்பிலேயே கிடைத்துவிட்டது.

இரண்டாம் படி: பின் ப்ரீலோடு

ஸ்ப்ரிங்குக்கு முன்கூட்டியே கொடுத்துவைக்கும் அழுத்தம்தான் ப்ரீலோடு. அதைக் கூட்டினால் ஸ்ப்ரிங் கெட்டியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்ப்ரிங் அதே ஸ்ப்ரிங்தான். வண்டி நிற்கும் உயரம் மட்டுமே கூடுகிறது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

எக்ஸ்பல்ஸில் 10 படிகள் உள்ள வளையம் இருக்கிறது. பெரும்பாலான பைக்குகளின் டூல் கிட்டில் சி ஸ்பேனர் கொடுத்திருப்பார்கள். திருப்புவதற்கு முன் வளையத்தையும் அதன் படிகளையும் பழைய டூத் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். நம் ஊர்ச் செம்மண் காய்ந்து அந்த இடுக்கில் இறுகியிருக்கும்; அப்படியே நெம்பினால் ஸ்பேனர் நழுவி, விரல் முட்டி ஸ்விங்ஆர்மில் இடிபடும். முடிந்தால் பின்சக்கரம் தொங்கும் நிலையில் திருப்புங்கள், பாரம் குறைந்து லேசாகத் திரும்பும். ஸ்பேனரின் கொக்கி பள்ளத்தில் முழுதாகப் பதிந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

ஒரு படி கூட்டுங்கள், மறுபடி அளங்கள், எழுதுங்கள். சரியான எல்லைக்குள் வந்ததும் நிறுத்திவிடுங்கள். இன்னும் கூட்டினால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். பின்பக்கம் மிக உயர்ந்தால் எடை மையமும் மேலே போகும். பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரம் லேசாகும். மேட்டில் பின் டயர் பிடிமானம் இல்லாமல் சும்மா சுழலும்.

மூன்றாம் படி: ரீபவுண்டும் கம்ப்ரெஷனும்

இந்தத் திருகுகள் எல்லா வண்டியிலும் இல்லை. இல்லாவிட்டால் அடுத்த படிக்குப் போங்கள்.

அமுங்கிய ஸ்ப்ரிங் எவ்வளவு வேகத்தில் திரும்ப விரிகிறது என்பதை ரீபவுண்டு கட்டுப்படுத்துகிறது. பின் ரீபவுண்டு மிக மெதுவாக இருந்தால், ஒரு ஹம்ப்பில் அமுங்கிய பின்பக்கம் எழும்புவதற்குள் அடுத்த ஹம்ப் வந்துவிடும். அடுக்கடுக்கான சின்ன ஹம்ப்புகளுக்குப் பெங்களூரில் பஞ்சமில்லை. அப்படி ஒரு வரிசையை மிதமான வேகத்தில் கடந்து பாருங்கள். நான்காவது ஹம்ப்பில் முதல் ஹம்ப்பைவிடக் கடினமாக முதுகில் இடித்தால், பின்பக்கம் தாழ்ந்துகொண்டே போகிறது என்று பொருள். ரீபவுண்டை ஒரு கிளிக் வேகமாக்குங்கள். அதற்கு நேர்மாறாக, சீட் உங்களைத் தூக்கிப்போட்டால் ஒரு கிளிக் மெதுவாக்குங்கள்.

முன் ஃபோர்க்கின் ரீபவுண்டை ஒன்றிரண்டு கிளிக் மெதுவாக்கினால், ஆக்ஸிலேட்டர் திருகும்போது முன்பக்கம் சட்டென்று மேலே பாயாது. இது எழும்புவதைத் தடுத்துவிடாது. ஆனால் நீங்கள் கையைத் தளர்த்தச் சற்று நேரம் கொடுக்கும். பின் ஷாக்கில் கம்ப்ரெஷன் திருகும் இருந்தால் ஒரு கிளிக் கூட்டுங்கள், முறுக்கும்போது உட்காருவது நிதானமாகும்.

எல்லாத் திருகையும் முழுவதும் உள்ளே திருகி, எத்தனை கிளிக் என்று எண்ணி எழுதிவைத்து, அதே கிளிக் அளவு வெளியே திருப்பிய பிறகே மாற்றத் தொடங்குங்கள். அந்த எண்ணிக்கை இல்லாமல் பழைய நிலைக்குத் திரும்பவே முடியாது.

நான்காம் படி: முன்பக்கம்

ஃபோர்க் குழாயில், ஆயில் சீலை ஒட்டி, ஒரு மெல்லிய ப்ளாஸ்டிக் டையைச் சுற்றி இறுக்குங்கள். ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், ஃபோர்க் எதுவரை அமுங்கியது என்று அது காட்டும். முன்பக்க ஸேக்கையும் இதே டையை வைத்து அளந்துவிடலாம்.

பின்பக்கம் சரியான பிறகும் முன்பக்கம் லேசாகவே இருந்தால், ஃபோர்க்கில் ப்ரீலோடு இருக்கும் வண்டிகளில் அதைக் கொஞ்சம் குறைக்கலாம். அதுவும் போதாவிட்டால், ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் மேல், கீழ் கிளாம்புகளைத் தளர்த்தி, குழாய்களை 3 முதல் 5 மி.மீ. மேலே தள்ளிப் பிடிக்கலாம். முன்பக்கம் அவ்வளவு தாழும், எடை மையம் சிறிது முன்னே வரும். ஆனால் ஸ்டீயரிங் துறுதுறுவென்றாகி, ஹைவே வேகத்தில் ஆட்டம் காணலாம். ஃபோர்க் முழுதாக அமுங்கும்போது டயரோ மட்கார்டோ எங்கும் இடிக்கவில்லை என்று சரிபார்க்க வேண்டும். இரு குழாய்களும் ஒரே உயரத்தில் இல்லாவிட்டாலோ, போல்ட்களைச் சரியான டார்க்கில் இறுக்காவிட்டாலோ உயிருக்கே ஆபத்து. புதியவர்கள் இந்த ஒரு வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

ஓட்டிப் பார்க்கும் இடமும் முறையும்

நந்தி மலை ரோட்டில் சோதிக்காதீர்கள். ஞாயிறு அதிகாலையில் அங்கே கார்களும் சைக்கிள்களும் நடப்பவர்களும் நெருக்கியடிப்பார்கள். பொது ரோட்டில் முன்சக்கரம் எழும்பினால், வேண்டுமென்று செய்ததா இல்லையா என்று போலீஸ்காரர் விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார். பெங்களூர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. 2015-ல் டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியரான சி.எஸ்.சந்தோஷ் கோலார் பக்கம் அமைத்த பிக் ராக் டர்ட் பார்க் போன்ற இடங்களில், பயிற்சியாளர் பார்த்துக்கொண்டிருக்க மண் மேட்டில் ஏறலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத்தான் பின்பக்கம் எவ்வளவு உட்காருகிறது என்பது தெரியும். ஒரு நண்பர் பக்கவாட்டில் நின்று மொபைலில் வீடியோ எடுத்தாலும் போதும். ஸ்லோ மோஷனில் ஸ்விங்ஆர்மை மட்டும் கவனியுங்கள்.

ஒரே மேடு, ஒரே கியர், ஒரே ஆள், ஒரே சாமான். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். இரண்டு திருகை ஒன்றாகத் திருகினால் எது வேலை செய்தது என்று தெரியவே தெரியாது.

உடம்பையும் பயன்படுத்துங்கள். மேட்டில் ஃபுட்பெக்கில் நின்று, இடுப்பை டேங்க் பக்கம் கொண்டுபோய், நெஞ்சை ஹேண்டில்பாருக்கு மேல் சாயுங்கள். உங்கள் எடை 75 கிலோ, வண்டியின் எடை 196 கிலோ என்றால் மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் நீங்கள்தான்; நீங்கள் 200 மி.மீ. முன்னே நகர்ந்தால் மொத்த மையம் 55 மி.மீ. முன்னே வருகிறது. நின்றால் மையம் உயரும் என்பதால், நிமிர்ந்து நிற்காமல் முழங்காலையும் முழங்கையையும் மடக்கியே நில்லுங்கள். முதல் கியருக்குப் பதிலாக இரண்டாவது கியரில் ஏறிப் பாருங்கள், இழுப்பின் வெட்டு குறையும். முன்சக்கரம் கிளம்பிவிட்டால் ஆக்ஸிலேட்டரை மெல்லத் தளர்த்துங்கள். பின் பிரேக்கை லேசாகத் தொட்டாலும் இறங்கும். பயத்தில் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தால் ஆக்ஸிலேட்டர் இன்னும் திரும்பிவிடும்.

ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டிவிஎஸ்ஸின் அப்பாச்சி ஆர்டிஆர் 310 போன்ற சில வண்டிகளில் முன்சக்கரம் எழும்புவதைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக்ஸ் வருகிறது. எழும்புவதை உணர்ந்து எஞ்சின் விசையைக் குறைக்கும். நல்ல பாதுகாப்புதான், ஆனால் பின்பக்கம் படுத்துக்கிடக்கும் வண்டியில் அது அடிக்கடி குறுக்கிட்டு, மேட்டின் நடுவில் இழுவையைப் பறிக்கும். ஸேக் சரியாக இருக்கும் வண்டியில்தான் அதுவும் ஒழுங்காக வேலை செய்யும்.

ஸ்ப்ரிங்கையே மாற்ற வேண்டியது எப்போது?

ப்ரீலோடை முழுதும் ஏற்றியும் ஸேக் எல்லைக்குள் வரவில்லையா? ஸ்ப்ரிங் உங்கள் எடைக்குப் போதாது. இன்னொரு அறிகுறி இரண்டாவது அளவில் இருக்கிறது. நீங்கள் உட்கார்ந்த ஸேக் சரியாக வந்து, ஆள் இல்லாத வண்டி 5 மி.மீ. கூட உட்காராமல் விறைத்து நின்றால், மெலிந்த ஸ்ப்ரிங்கைப் ப்ரீலோடால் முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறீர்கள். ஆள் இல்லாமலே 30, 40 மி.மீ. உட்கார்ந்தால் அதற்கு எதிர்மாறு, ஸ்ப்ரிங் தேவைக்கு மேல் கெட்டி. ஜே.சி. ரோட்டுக்குப் போய்க் கண்ணில் பட்ட ஸ்ப்ரிங்கை வாங்கி மாட்டாதீர்கள். உங்கள் எடை, பின்சீட் ஆளின் எடை, சாமான், வண்டியின் மாடல், இதுவரை நோட்டில் எழுதிய அளவுகள், இத்தனையையும் சஸ்பென்ஷன் வேலை தெரிந்தவரிடம் கொடுத்து, அதற்கேற்ற கெட்டியைக் கேட்டு வாங்குங்கள். ஸ்ப்ரிங் மாறினால் ரீபவுண்டும் புதிதாகப் பார்க்க வேண்டும், அளவும் முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

வீட்டுக்குத் திரும்பும் முன் இரண்டு வேலை பாக்கி. பின்பக்கம் உயர்ந்தால் செயின் தளர்ச்சி மாறியிருக்கும். கையேட்டில் சொன்ன நிலையில் வண்டியை நிறுத்தி மறுபடி பாருங்கள். ஹெட்லைட் வெளிச்சமும் முன்பைவிடத் தாழ்ந்து விழும். சுவருக்கு எதிரே வழக்கமான சுமையோடு வண்டியை நிறுத்தி, லைட்டுக்குப் பின்னால் இருக்கும் திருகைத் திருப்பிப் பழைய உயரத்துக்குக் கொண்டுவாருங்கள்.